பரட்டை அண்ணனுக்கு ஒரு பலகை

நம் மாவட்டத்தில் இசைக்குக் கல்லில் இடம் கிடைத்துப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. குடுமியான்மலைப் பாறையில் ஏழு பண்களுக்கான சுரங்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. வெட்டுவித்தவன் உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. ஆசிரியர் பெயர் தெரிகிறது, மாணவனின் தகுதி தெரிகிறது. அதே ஊர்களில் சாவுக்கும் சாமிக்கும் பறையடித்தவன் யாரிடம் கற்றான் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாரம்பரியச் சின்னம், நினைவுப் பலகை என்று பேசும்போதெல்லாம் இந்தப் பாறைதான் என் நினைவுக்கு வருகிறது. ஆகவே இன்று ஒரு பெயரை முன்மொழிகிறேன்: ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை அண்ணன் என்றால்தான் பலருக்குத் தெரியும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆசிரியர், தலித் இறையியலாளர், 2005இல் மறைந்தார்.

அவர் செய்ததன் கனம் புரிய, பக்கத்துத் தஞ்சாவூரைப் பார்க்க வேண்டும். சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளின் பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார். 1820களில் மிஷனரிகள் தேவாலயத்துக்குள் சாதிப் பிரிவினையை ஒழிக்க முனைந்தபோது, சாதி வழக்கம் தொடர வேண்டும் என்று வாதாடி எழுதியவரும் அவரே. தனி இருக்கையும் கர்நாடக ராகமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. சேரியிலிருந்து மதம் மாறி வந்தவர்கள் தங்கள் தாளத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அந்தத் தாளத்தைத்தான் பரட்டை அண்ணன் உள்ளே கொண்டுவந்தார். முழு வழிபாட்டு முறையையே கிராமிய இசையில் அமைத்தார். பறையை வழிபாட்டில் ஒலிக்கவிட்டார். சாவு மேளம் என்று தொடக் கூசிய கைகளுக்கு அது எளிதாக இருந்திருக்காது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் பேச்சுத் தமிழில் எழுதி, கடவுளை ‘பெத்தவரே’ என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லில் அப்பனும் உண்டு, ஆத்தாளும் உண்டு.

அவரிடம் பாடிய மாணவர்கள் ஆயர்களாக ஊர் ஊராகப் போனார்கள், பாட்டும் போனது. போன இடத்தில் மாறினால் மாறட்டும் என்பது அவர் கட்சி. எழுதிய சுரத்தை அப்படியே பாட வைப்பது அடக்குமுறையின் இன்னொரு வடிவம். பாடுகிறவன் மாற்றிக்கொள்ளக்கூடிய பாட்டே விடுதலைக்கு உதவும் என்றார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவரைப் பற்றி 2014இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார்.

‘ஒரே உலை’ என்பது அவரது இறையியலின் மையம்: ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்பது. 2022 டிசம்பரில் நம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். அந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைச் சும்மா சமையல் உவமை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

மாறுவதையே கொள்கையாகக் கொண்டவரைக் கல்லில் நிறுத்தலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கல் இல்லாதவர்களின் வரலாற்றை எவ்வளவு சுலபமாக இல்லையென்று சொல்லிவிடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிட்டோம். பலகை வைப்போம். வாசகம் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். ‘பரட்டை’ என்ற பெயர் முதல் வரியில் வரட்டும். பட்டங்கள் கீழே, சின்ன எழுத்தில். திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வேண்டாம், பறை போதும். அடிக்கிறவர்களுக்கு மேடையில் நாற்காலி போடுங்கள். அவர்கள் பெயரையும் அழைப்பிதழில் அச்சிடுங்கள்.