இரட்டை உடுக்களும் வீட்டு வளவுத் தொலைகாட்டியும்

திருமணச் சடங்கிலே மணமகன் மணமகளுக்கு அருந்ததி காட்டும் வழக்கம் நம்மவரிடையே தொன்றுதொட்டு நிலவி வருவது. வடவானிலே சப்தரிஷி மண்டலத்தின் வாற்பகுதியில், வசிட்டர் எனப் பெயரிய ஒளிமிக்க உடுவின் அருகே மங்கலாகத் தோன்றுவது அருந்ததி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் கோண அளவில் ஏறக்குறைய 12 கலையாகும். அஃதாவது முழுமதியின் விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்களவு. கூரிய கண்ணுடையார் இவற்றைக் கருவியின் துணையின்றியே பிரித்துக் காண்பர். ஆயின், 1617ஆம் ஆண்டிலே கலிலியோவின் மாணாக்கராகிய பெனடெற்றோ கஸ்தெல்லி என்பார், வசிட்டர் தாமும் ஒன்றன்று, இரண்டு உடுக்களே எனத் தொலைகாட்டி வாயிலாகக் கண்டார். அவற்றின் இடைத்தூரம் 14 விகலை மாத்திரமே.

ஒரு பாகை 60 கலையாகவும், ஒரு கலை 60 விகலையாகவும் பகுக்கப்படும். இரண்டு கிலோமீற்றர் தொலைவில் வைத்த ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள பொருள் நம் கண்ணிலே எவ்வளவு கோணத்தை ஆக்குமோ, அவ்வளவே ஒரு விகலை. அந்த ஒரு விகலையினும் குறைந்த இடைவெளியோடு நெருங்கி நிற்கும் இரட்டை உடுக்களைப் பிரித்துக் காண முயன்றோரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். அவ்வரலாற்றில் தலைசிறந்த பங்கு ஒன்று, பேரரசுகள் எடுப்பித்த வானோக்கு நிலையங்களில் அன்றி, வீட்டு வளவில் நிறுத்திய ஒரு தொலைகாட்டியினால் ஆற்றப்பட்டது என்பது மாணாக்கர் சிந்தித்தற்குரியது.

தொடக்கத்தில் இரட்டை உடுக்களை எவரும் பெரிதாக மதித்தாரல்லர். வெகுதூரத்தில் உள்ள ஓர் உடுவும் அண்மையில் உள்ள ஓர் உடுவும் நம் பார்வைக் கோட்டில் தற்செயலாக ஒருங்கே நிற்பதனால் எழும் தோற்றமே இது என்றே பலரும் கருதினர். 1689ஆம் ஆண்டிலே, ழான் றிஷோ என்னும் பிரெஞ்சு நாட்டு இயேசுசபைத் துறவி, புதுச்சேரியிலிருந்து ஒரு வால்வெள்ளியை நோக்குங்கால், தென்வானின் அல்பா சென்ரோரி என்னும் ஒளிமிக்க உடு இரட்டை எனக் கண்டார். இக்கண்டுபிடிப்புத் தமிழ்நிலத்தின் வானத்தின்கீழ் நிகழ்ந்தது என்பது நாம் நினைவிற் கொள்ளற்பாலது. எனினும் அவ்விரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றிவருவன என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர்.

1767இல் ஜோன் மிச்செல் என்னும் ஆங்கில அறிஞர், நெருங்கிய சோடிகள் வானில் இத்துணை மிகுதியாகக் காணப்படுதல் தற்செயலாக இருத்தல் அரிது என நிகழ்தகவுக் கணக்கினால் வாதித்தார். அவர் வாதத்தை அவதானத்தினால் மெய்ப்பித்தவர் வில்லியம் ஹேர்ஷல். இவர் இங்கிலாந்தின் பாத் நகரிலே இசைத்தொழில் செய்து பிழைத்தவர். தம் கையாலேயே உலோக ஆடிகளை மெருகிட்டுத் தொலைகாட்டிகளை ஆக்கி, இல்லத்தின் பின்னேயுள்ள தோட்டத்தில் நிறுத்தி, தங்கை கரோலைனின் உதவியோடு வானை ஆராய்ந்தார். 1781 மார்ச்சு 13ஆந் திகதி இரவு அவர் யுறேனசுக் கோளைக் கண்டதும் இரட்டை உடுக்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையிலேயாம். 1782இல் 269 சோடிகளைக் கொண்ட பட்டியலை வெளியிட்டார்.

ஹேர்ஷல் இவற்றைத் தேடிய நோக்கம் வேறு. அண்மை உடு சேய்மை உடுவை நோக்க ஆண்டுதோறும் இடம்பெயர்வதுபோலத் தோன்றுமாதலின், அப்பெயர்ச்சியைக் கொண்டு உடுக்களின் தூரத்தை அளக்கலாம் என அவர் எண்ணினார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அளந்தபின் அவர் கண்டதோ பிறிதொன்று. சில சோடிகளில் ஓர் உடு மற்றதைச் சுற்றி மெல்ல நகர்ந்திருந்தது. 1803இல் இதனை அவர் உலகிற்கு அறிவித்தார். தூரத்தைத் தேடியவருக்குக் கிட்டியது, ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலும் ஈர்ப்பு ஆட்சிபுரிகின்றது என்பதற்கான சான்று. 1827இல் பீலிக்சு சவாரி என்னும் பிரெஞ்சு அறிஞர், இத்தகைய ஒரு சோடியின் ஒழுக்கை நியூற்றனின் விதியைக் கொண்டு முதன்முதலிற் கணித்தார்.

இதனால் விளைந்த பயன் பெரிது. ஓர் உடுவின் திணிவை நேரே அறிதற்கு ஈர்ப்பின் துணையே வேண்டும். ஒன்று மற்றொன்றைச் சுற்றும் காலமும், அவற்றின் இடைத்தூரமும் தெரியின், இரண்டினதும் மொத்தத் திணிவைக் கணக்கிடலாம். எனவே இரட்டை உடு உடுக்களை நிறுக்கும் தராசு ஆயிற்று. ஆயின் அத்தராசிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அகன்று நிற்கும் சோடிகள் ஒரு முறை சுற்றிவர நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். மனிதன் தன் வாழ்நாளுக்குள் முழுச் சுற்றையும் காணவேண்டுமாயின், மிக நெருங்கிய சோடிகளையே நாடவேண்டும். பயன் மிக்கவை எவையோ அவையே காண்டற்கு அரியவையாயும் உள்ளன.

அவை அரியவாதற்கு ஏது இரண்டு. முதலாவது, ஒளியின் அலைத்தன்மை. எத்துணைச் செம்மையான வில்லையாயினும் உடுவை ஒரு புள்ளியாகக் காட்டாது. சிறு வட்டத் தட்டாகவும் அதனைச் சூழ்ந்த வளையங்களாகவுமே காட்டும். வில்லை அகல அகல அத்தட்டுச் சிறுக்கும். வில்லியம் றட்டர் டோஸ் என்னும் ஆங்கிலேயர் பல்லாண்டு அவதானித்து, சமவொளி கொண்ட சோடியைப் பிரிக்கும் எல்லையை வகுத்தார். 4.56 என்னும் எண்ணைத் தொலைகாட்டியின் வாயகல அங்குலத்தால் வகுத்தால், எல்லை விகலையிற் கிடைக்கும். ஆறு அங்குலக் கருவிக்கு அது 0.76 விகலை. இரண்டாவது ஏது, நம் வளிமண்டலம். வளியின் கொந்தளிப்பு உடுவின் உருவைக் கொதிக்கும் நீரிலிட்ட மணிபோல அலைக்கழிக்கும். கருவி பெரிதாயின் அக்கலக்கமும் பெரிதாய்த் தோன்றும். ஆதலின் நெருங்கிய சோடிகளை நோக்குவோன் கருவியின் வெப்பம் வெளிவளியின் வெப்பத்தோடு ஒத்துவரும்வரை காத்திருந்து, உடு வானில் உயர்ந்த வேளையைத் தெரிந்து, வளி ஒரு நொடி அமைதியுறும் தருணத்திற்காகக் கண்ணை எடாது இருத்தல் வேண்டும். அத்தருணத்தில் தட்டு இரண்டாகப் பிரியலாம். அன்றேல் சற்று நீண்டதாய்த் தோன்றலாம். அந்நீட்சியே துணை உடு ஒன்று உண்டு என்பதற்கான குறி.

1824இல் டோர்ப்பாட் நகரிலே பிரவுன்கோபர் ஆக்கிய 9½ அங்குலத் தொலைகாட்டி நிறுவப்பட்டது. அதனைக் கொண்டு வில்கெல்ம் ஸ்துரூவே 1827இல் 3,112 இரட்டை உடுக்களின் பட்டியலை வெளியிட்டார். இப்பெரும்பணிக்குப் பின்னர், வடவானிற் காணத்தக்கவை யாவும் கண்டாயிற்று, இனிச் சிறு கருவியாளர்க்கு எஞ்சியது யாதுமில்லை என்னும் எண்ணம் அறிஞரிடையே வேரூன்றியது. இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்தவரே ஷேர்பேண் வெஸ்லி பேர்ணம்.

பேர்ணம் 1838இல் ஐக்கிய அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திற் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் வானியல் பயின்றவரல்லர். சுருக்கெழுத்தைத் தாமே கற்று, சிக்காகோ நகரின் நீதிமன்றத்திலே சுருக்கெழுத்தாளராய்ப் பணியாற்றியவர். பகலிலே வழக்காடுவோரின் சொற்களை எழுதுவதும், இரவிலே வளவிற் சென்று வானை நோக்குவதும் அவர் வாழ்க்கை முறையாயின. தாமசு வெப் என்னும் ஆங்கிலப் பாதிரியார் சிறு தொலைகாட்டி உடையார்க்கென எழுதிய நூலே அவருக்கு வழிகாட்டி. 1870ஆம் ஆண்டளவில், அல்வன் கிளார்க்கும் புதல்வரும் நடத்திய தொழிற்சாலையில் ஆறு அங்குல வில்லைத் தொலைகாட்டி ஒன்றைச் செய்வித்துப் பெற்றார். இத்தொழிற்சாலையின் பெருமை முன்னரே நிலைநாட்டப்பட்டிருந்தது. சிரியசு உடுவிற்குக் கண்ணுக்குப் புலனாகாத துணையொன்று உண்டென 1844இல் பெசல் கணித்துக் கூறியிருந்தார். 1862 சனவரி 31ஆந் திகதி, புதிய 18½ அங்குல வில்லையைச் சோதித்துக்கொண்டிருந்த இளைய கிளார்க், அத்துணையை நேரிற் கண்டார்.

பேர்ணம் தம் கருவியால், ஸ்துரூவே முதலியோர் நோக்கிக் கடந்துசென்ற உடுக்களையே மீண்டும் நோக்கினார். அவற்றுட் பல இரட்டை எனக் கண்டார். 1873இல் 81 புதிய சோடிகளைக் கொண்ட அவரது முதற் பட்டியல் இலண்டன் அரச வானியற் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அவ்வாண்டிலேயே டெல்பினசு மண்டலத்தின் பீற்றா என்னும் உடு ஒரு விகலைக்கும் குறைந்த இடைவெளியுடைய சோடி எனக் கண்டார். இது முன்னறியப்படாத மங்கலான உடுவன்று; வெறுங்கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றுவது; எத்தனையோ பேர் தொலைகாட்டியில் நோக்கி விட்டுச்சென்றது. இதன் இரு உடுக்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய 26 ஆண்டு 8 மாதத்தில் சுற்றிவருகின்றன. பேர்ணம் கண்ட நாள்முதல் இன்றுவரை ஐந்து முழுச் சுற்றுக்கள் நிறைவெய்திவிட்டன.

அவரிடத்தில் சோடிகளை அளப்பதற்கான நுண்மானி அந்நாளில் இருக்கவில்லை. அக்குறையை நீக்கியவர் இத்தாலியிலே தம் சொந்த வானோக்கு நிலையத்தில் உழைத்த எர்க்கோலே டெம்பொவ்ஸ்கி. சிக்காகோவிலிருந்து கடிதம் செல்லும், இத்தாலியில் அளவெடுக்கப்படும். ஆறு அங்குலத் தொலைகாட்டி ஒன்றினாலேயே பேர்ணம் 451 புதிய சோடிகளைக் கண்டறிந்தார். 1879இல் கலிபோர்ணியாவின் ஹமில்ற்றன் மலை வானோக்கு நிலையத்திற்கு ஏற்றதோ எனச் சோதிக்குமாறு அவரை வேண்டினர். அதே கருவியை மலைமேற் கொண்டுசென்று, அங்கேயே 42 புதிய சோடிகளைக் கண்டு, அவ்விடத்தின் வளியமைதிக்குச் சான்று பகர்ந்தார். பின்னர் அம்மலையில் எழுந்த லிக் நிலையத்திற் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். ஆயினும் நீதிமன்றத் தொழிலுக்கே மீண்டு, வார இறுதி இரவுகளில் யேர்க்கிஸ் நிலையத்தின் 40 அங்குலப் பெருந்தொலைகாட்டியில் உழைத்தார். 1906இல் 13,665 இரட்டை உடுக்களின் அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1921இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இத்துறையில் ஊக்கம் மாத்திரம் போதாது என்பதற்கும் வரலாறு சான்று தருகின்றது. சென்னை வானோக்கு நிலையத்தின் தலைவராயிருந்த வில்லியம் ஸ்ரீபன் ஜேக்கப், முன்னர்ப் பூனாவிலே சொந்தமாக ஒரு நிலையம் அமைத்து இரட்டை உடுக்களை அளந்தவர். 1855இல், ஓபியூக்கசு மண்டலத்தின் 70ஆம் எண் இரட்டை உடுவின் இயக்கம் கணித்த ஒழுக்கினின்றும் பிறழ்கின்றது எனவும், கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதற்கு ஏதுவாகலாம் எனவும் சென்னையிலிருந்து எழுதினார். வேற்று உடுவொன்றிற்குக் கோள் உண்டென அளவையின் வலிமையால் எழுந்த முந்திய கூற்றுக்களுள் இது ஒன்று. பிற்கால அளவுகள் அதனை உறுதிசெய்தில. விகலையின் சிறு பின்னங்களில் நேரும் பிழை, இல்லாத உலகையும் உண்டெனக் காட்டவல்லது. ஜேக்கப் திறமையற்றவரல்லர்; அவர் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை நுண்மையானது. ஒருவர் அளவைப் பிறர் அளவு திருத்துதல் இத்துறையின் அறம். பேர்ணமும் டெம்பொவ்ஸ்கியும் கைகோத்தமையின் சிறப்பும் அதுவேயாம்.

இன்று வாஷிங்ரனில் பேணப்படும் இரட்டை உடுப் பட்டியலில் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட சோடிகள் உள்ளன. 2013இல் ஐரோப்பியர் விண்ணுக்கு அனுப்பிய கையா என்னும் செய்மதி எண்ணிறந்த உடுக்களின் நிலைகளை அளந்துள்ளது. எனினும் 12 அங்குலம், 16 அங்குலம் எனப் பெரிய ஆடிகளை வீட்டு வளவில் நிறுத்தி, நெருங்கிய சோடிகளை அளப்போர் பல நாடுகளில் இன்றும் உளர். 1970இல் அன்ற்வான் லபேரி வகுத்த முறையைப் பின்பற்றி, நொடியின் சிறு பகுதியில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களைக் கணினியால் ஒன்றுசேர்த்து, வளியின் கலக்கத்தையும் ஓரளவு வெல்கின்றனர். மெல்ல இயங்கும் சோடிகளுக்கு ஒரு செய்மதியின் சில ஆண்டு அளவு போதாது. ஹேர்ஷலும் ஸ்துரூவேயும் பேர்ணமும் தொடுத்த சங்கிலியில் இனி வருவோரும் கண்ணியாதல் வேண்டும்.

நம் நாடு இதற்கு வாய்ப்பான இடத்தில் அமைந்துள்ளது. ஐரோப்பாவின் பெருநகரங்களிலிருந்து ஒருபோதும் காணவியலாத அல்பா சென்ரோரி, வைகாசி மாதத்து இரவுகளில் நம் தென்வானில் விளங்குகின்றது. சிறு தொலைகாட்டியிலும் இரண்டாகப் பிரிகின்றது. அவ்விரவுகளிலேயே வடபால் திரும்பினால் வசிட்டரும் அருந்ததியும் காட்சி தருவர்.

அவர்தம் கதையும் கஸ்தெல்லியோடு முடிந்ததன்று. வசிட்டரின் இரு உடுக்களும் தனித்தனியே இரட்டை என நிறமாலை ஆராய்ச்சி பின்னர்க் காட்டிற்று. அருந்ததிக்கும் மங்கலான துணையுடு ஒன்று உண்டென்பது 2009ஆம் ஆண்டிலேதான் புலனாயிற்று. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மணமக்கள் நோக்கிவந்த இரண்டு உடுக்கள் உண்மையில் ஆறு. எல்லாம் கண்டாயிற்று என்று எவரேனும் கூறக்கேட்பின், நம் மாணாக்கர் சிக்காகோவின் சுருக்கெழுத்தாளரை நினைந்து, மீண்டும் ஒருமுறை நோக்குவாராக.