வண்டி விளக்கின் வரலாறு

இருளை வெல்ல வேண்டும் என்னும் வேட்கை, தீயைக் கண்ட நாள் தொட்டே மனிதனிடம் உண்டு. மோட்டார் வண்டி இரவிலும் ஓடத் தொடங்கியபோது அவ்வேட்கை சாலைக்கு வந்தது. ஓட்டுநருக்கு வழி தெரிய ஒளி வேண்டும். எதிரே வருபவரின் கண்ணை அவ்வொளி பறிக்கவும் கூடாது. இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்ய முயன்ற கதையே வண்டி விளக்குகளின் வரலாறு எனலாம்.

தொடக்க கால மோட்டார் வண்டிகள் எண்ணெய் விளக்கைக் குதிரை வண்டிகளிடமிருந்து பெற்றன. அடுத்து வந்தது அசெட்டிலீன் விளக்கு. கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டச் சொட்ட அசெட்டிலீன் வாயு எழும். அதனைப் பற்றவைத்தால் வெண்சுடர் எரியும். எண்ணெய்ச் சுடரை விட அது பன்மடங்கு பிரகாசமானது. ஆயினும் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கித்தான் அதனை ஏற்ற வேண்டியிருந்தது.

1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளில் சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்னமைப்பு இடம்பெற்றது. எஞ்சினைக் கிளப்புவதும் விளக்கை எரிப்பதும் மின்சாரத்தின் பணிகளாயின. எளிய மக்களின் வண்டியான ஃபோர்டு மாடல் டி, 1915இல் மின்விளக்கைப் பெற்றது. எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவே அதற்கு மின்சாரம் தந்தமையால், வேகம் குறைந்தால் விளக்கும் மங்கியது. அதே வண்டியைப் பின்புறத் தட்டோடு ஆலையிலேயே அமைத்து 1925இல் ஃபோர்டு நிறுவனம் விற்பனைக்கு விட்டது. இன்றைய பிக்கப் வண்டிகளின் முன்னோடிகளுள் அது முக்கியமானது.

ஒளி பெருகவே கண்கூச்சமும் பெருகியது. 1920களில் ஒரே குமிழில் இரண்டு இழைகள் அமைந்தன. ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு. 1957இல் ஐரோப்பாவில் தாழ்ந்த ஒளியின் வடிவமே மாற்றப்பட்டது. எதிர்வரிசைப் பக்கம் ஒளி தாழ்ந்தும், தன் ஓரப் பக்கம் சற்று உயர்ந்தும் விழலாயிற்று. பிரான்சு நாடு கூச்சம் குறையுமென்று கருதி, 1993 வரை மஞ்சள் ஒளியையே வற்புறுத்தியது. 1962இல் ஹாலஜன் விளக்கு வந்தது. ஆவியாகும் டங்ஸ்டன் குமிழின் சுவரில் படியாமல் மீண்டும் இழைக்கே திரும்ப ஹாலஜன் வாயு துணை செய்கிறது; ஆதலால் இழையை மிகுந்த வெப்பத்தில் எரிக்க முடிந்தது.

இவற்றுக்குப் பின் வந்ததே செனான் விளக்கு. 1898இல் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் செனான் வாயுவைக் கண்டுபிடித்தனர். கிரேக்க மொழியில் ‘அந்நியன்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டனர். அந்த அந்நியன் 1991இல் பி.எம்.டபிள்யூ. வண்டியின் முகப்பில் ஏறினான். இவ்விளக்கில் இழை இல்லை. இரு மின்முனைகளுக்கு இடையே 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பொறி தோன்றி, பின் மின்வில்லாக நிலைத்து எரிகிறது. 55 வாட் ஹாலஜன் குமிழ் ஏறத்தாழ 1,500 லூமன் ஒளி தருமாயின், 35 வாட் செனான் குமிழ் ஏறத்தாழ 3,200 லூமன் தரும். ஆகவேதான் இத்தகைய வலிய விளக்கோடு, சுமைக்கேற்ப ஒளியைத் தாழ்த்தும் தானியங்கிக் கருவியும் கண்ணாடியைக் கழுவும் கருவியும் இருத்தல் வேண்டுமென ஐரோப்பிய விதிகள் வகுக்கப்பட்டன.

சிக்கல் இதன் பின்னரே எழுந்தது. ஹாலஜனுக்காக அமைந்த பழைய விளக்குக் கூட்டில் செனான் குமிழை மட்டும் மாற்றிப் பொருத்தும் பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. பிக்கப் வண்டி உரிமையாளர் பலர் அவற்றை விரும்பி வாங்கினர். பொருத்துவது எளிது; விளைவோ எளிதன்று. எதிரொளிக்கும் கிண்ணத்தின் ஒவ்வொரு வளைவும் இழை இருக்கும் இடத்தையும் அதன் வடிவத்தையும் கணக்கிட்டே வார்க்கப்பட்டது. மின்வில்லின் வடிவம் வேறு; அதன் ஒளி பரவும் முறையும் வேறு. எனவே ஒளி வரம்பு மீறிச் சிதறுகிறது. பிக்கப் வண்டியின் விளக்குகளோ இயல்பாகவே உயரத்தில் உள்ளவை. பின்தட்டில் பாரம் ஏறினால் முகப்பு நிமிரும். ஒளி எதிரே வருபவரின் கண்மட்டத்தை எட்டும். மோட்டார் சைக்கிளில் வருபவர் சில நொடிகள் பார்வையின்றியே செல்ல நேரும். பொருத்தியவருக்கும் முழுப் பயன் இல்லை. அருகிலுள்ள தரை மிகப் பிரகாசமாய்த் தெரிவதால் அவர் கண்மணி சுருங்குகிறது. தொலைவில் நிற்பது புலப்படாது போகிறது. நன்றாகத் தெரிகிறது என்னும் எண்ணமே அவரை ஏமாற்றுகிறது.

அமெரிக்காவில் 1968 முதல் நடப்பிலுள்ள 108ஆம் கூட்டரசுத் தரவிதிக்கு இத்தகைய மாற்றுப் பெட்டிகள் இசையா என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை விளக்கியுள்ளது. மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையும் பிற்பாடு பொருத்தப்படும் செனான் விளக்குகளை ஏற்பதில்லை. புதிய வண்டிகளில் செனானின் இடத்தை எல்.இ.டி. விளக்குகள் பிடித்துக்கொண்டபோதிலும், பழைய கூட்டில் புதிய குமிழைச் செருகும் பழக்கம் மறையவில்லை.

இவ்வரலாற்றில் அறிஞர்கள் ஒளியைக் கூட்டப் பட்ட பாட்டைக் காட்டிலும், அதனை வரம்புக்குள் நிறுத்தப் பட்ட பாடு குறைந்ததன்று. எதிரே வருபவர் யாரென்று ஓட்டுநருக்குத் தெரியாது. முகமறியாத அம்மனிதரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்னும் எண்ணத்தின் பொருட்டே தாழ்ந்த ஒளி பிறந்தது. கடையில் விளக்கு வாங்கும் கை அதனை மறத்தலாகாது.