அவர்கள் திரும்பிச் சென்ற தெரு

போதைக்கு அடிமையானவரைக் கண்டால், "மன உறுதியற்றவர்" என்று தீர்ப்பளித்துவிட்டு நாம் எளிதாகக் கடந்து சென்றுவிடுகிறோம். அத்தீர்ப்பு எவ்வளவு நேர்மையானது என்பதைச் சிந்திக்க அமெரிக்க வரலாற்றின் இரு பக்கங்கள் நமக்கு உதவும்.

1935-இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகருக்கு அருகே, போதை அடிமைகளுக்கென நடுவண் அரசு பெரியதொரு மருத்துவமனையைத் திறந்தது. நல்லுணவு, பண்ணைவேலை, மருத்துவக் கண்காணிப்பு யாவும் அங்கிருந்தன. பலர் உடல்நலம் தேறி வெளியேறினர். ஆனால், நியூயார்க் நகருக்குத் திரும்பியோரைப் பற்றி 1962-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுள் பத்தில் ஒன்பது பேர் அளவில் மீண்டும் வீழ்ந்ததைக் காட்டியது. அவர்கள் திரும்பிச் சென்றது அதே தெருவுக்கு. அங்கே காத்திருந்தோர் அதே கூட்டாளிகள்.

அடுத்த பக்கம் வியட்நாம் போரைச் சார்ந்தது. அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களுள் 10 முதல் 15 விழுக்காட்டினர் ஹெராயினுக்கு அடிமைகள் என 1971-இல் இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அறிவித்தபோது நாடே நடுங்கியது. நாடு திரும்புமுன் வீரர்களுக்குச் சிறுநீர்ச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் திரும்பியோருள் ஏறத்தாழ 900 பேரைச் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர் லீ ராபின்ஸ் அம்மையாரின் குழுவினர் நேரில் கண்டு வினவினர். ஐவரில் ஒருவர் தாம் அங்கே அடிமையாயிருந்ததை ஒப்புக்கொண்டார். ஆனால், அவ்வாறு அடிமையாயிருந்தோருள் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானோர் 5 விழுக்காட்டினரே. மூன்று ஆண்டுகளில் 12 விழுக்காட்டினர். பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள்!

ஊரில் ஹெராயின் எளிதில் கிட்டவில்லை என்பதும், பலர் அதை ஊசியாக ஏற்றாமல் புகைத்தே வந்தனர் என்பதும் காரணங்களே. எனினும், போதையைப் பகிர்ந்த தோழர்களையும் போர்க்களத்தையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, பெற்றோர், மனைவி, வேலை என்னும் வேறோர் உறவு வட்டத்திற்குள் அவர்கள் வந்தனர் என்பதை நாம் மறுக்க இயலாது.

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், சிகிச்சை முடித்துத் திரும்பிய இளைஞன் ஒருவனைக் கண்டதும் வீட்டுக் கதவுகள் மூடிக்கொண்டன. யாரும் வேலை தரவில்லை. பெயர் சொல்லி அழைத்தோர் பழைய கூட்டாளிகள் மட்டுமே. சில வாரங்களில் அவன் அவர்களோடு போய்ச் சேர்ந்தான். அவன் மன உறுதியைக் குறைகூறிய நாம், மூடிய கதவுகளைப் பற்றிப் பேசவில்லை. ஆலயத் திருவிழாப் பணிகளுள் ஒன்றைக்கூட அவனிடம் ஒப்படைக்க நமக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனை உடலைத் தேற்றி அனுப்புகிறது. அதன்பின் அவன் யாருடன் உண்கிறான், யாருடன் உழைக்கிறான், மாலையில் யார் வீட்டுத் திண்ணையில் அமர்கிறான் என்பவை நம் கையில் உள்ளன. இனி ஒருவன் திரும்பி வரும்போது, பழைய கூட்டாளிகள் அழைக்குமுன் நாம் முந்திக்கொள்வோமா?