துடைப்பக் கழியில் சுற்றிய விண்ணப்பம்

மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று தங்கள் பங்கைக் கேட்ட செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர்கள் கேட்டது நியாயமே என்று கர்த்தர் தீர்ப்பளித்தார். அவர்களைப் போலவே நியாயம் கேட்டு நின்ற நியூசிலாந்துப் பெண்களை இவ்வாரம் நினைவுகூருவோம்.

1885ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த மேரி லெவிட் அம்மையார், அங்கே கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்திற்கு வித்திட்டார். குடியினால் சீரழிந்த குடும்பங்களுக்காக உழைத்த அப்பெண்கள், வாக்கில்லாதவரின் கண்ணீரைச் சட்டமியற்றுவோர் பொருட்படுத்துவதில்லை என்பதை விரைவில் உணர்ந்தனர். 1887 முதல் கிறைஸ்ட்சர்ச் நகரின் கேட் ஷெப்பர்ட் அம்மையார் வாக்குரிமைப் பணிக்குத் தலைமையேற்றார்.

வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினர். 1891இல் 9,000க்கும் மேற்பட்ட கையொப்பங்கள், பயனில்லை. 1892இல் ஏறத்தாழ 20,000, அப்போதும் பயனில்லை. 1893இல் ஏறத்தாழ 32,000! முதன்மை விண்ணப்பத்தின் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டித் துடைப்பக் கழியொன்றில் சுற்றினர். அதன் நீளம் 270 மீட்டருக்கும் அதிகம். சர் ஜான் ஹால் அதைப் பேரவையில் உருட்டிவிட்டபோது, அச்சுருள் அவையின் கோடிச் சுவரில் மோதி நின்றது.

மது வணிகர்களும் எதிர் விண்ணப்பங்களைத் திரட்டினர். பிரதமர் செடன், மேலவை உறுப்பினர் ஒருவரின் வாக்கை மாற்ற முயன்றார். அதனால் சினமுற்ற எதிர்ப்பாளர் இருவர் மசோதாவை ஆதரித்து வாக்களித்தனர். செப்டம்பர் 8 அன்று 20க்கு 18 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. செப்டம்பர் 19 அன்று ஆளுநர் கையொப்பமிட்டார். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்த முதல் தன்னாட்சி நாடாயிற்று நியூசிலாந்து. மாவோரிப் பெண்களும் அவ்வுரிமையைப் பெற்றனர். ஆயினும், தேர்தலில் போட்டியிடும் உரிமைக்குப் பெண்கள் 1919 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தடுக்க முயன்றவரின் செயலே வாசலைத் திறந்தது என்பதில் தேவனுடைய கரத்தை நாம் காணலாம். ஆனால், இருமுறை தோற்றபின்பும் மூன்றாம் முறை படியேறிய பெண்கள் இல்லாதிருந்தால், அந்த வாக்கெடுப்பே நடந்திராது.

அன்பானவர்களே, நம் திருச்சபைகளில் ஜெபிப்பவரிலும் ஊழியம் செய்பவரிலும் பெரும்பாலோர் பெண்களே. முடிவெடுக்கும் குழுவில் அவர்களுடைய குரலுக்கு இடமுண்டா? உங்கள் இல்லத்தில், பலமுறை கேட்டும் நீங்கள் செவிகொடாத விண்ணப்பம் எது? இவ்வாரம் அதைப் பொறுமையோடு கேளுங்கள். மோசேயைப் போல, அதைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோய் வையுங்கள்.