இரண்டு சூரியோதயங்கள்

இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவை நாம் இன்று மணிக்கணக்கில்தான் சொல்கிறோம். கிலோமீட்டர் மாறுவதில்லை, மணிக்கணக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. அதை எஞ்சினின் வேகம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலவுக்கும் இடையே நிகழ்ந்த விமானப் பயணங்கள் இதற்குச் சான்று.

1935-இல் பிரிஸ்பேனிலிருந்து லண்டன் செல்லப் பன்னிரண்டரை நாட்கள் ஆயின. 1938-இல் கடல் விமானங்கள் வந்தபின் சிட்னியிலிருந்து இங்கிலாந்துக்கு ஏறத்தாழ ஒன்பது பத்து நாட்கள் போதுமானவையாயின. அவ்வழியின் நடுக்கண்ணி சிங்கப்பூர். 1942 ஜனவரி 30 அன்று 'கோரியோ' என்னும் குவாண்டாஸ் கடல் விமானம் தீமோர் அருகே ஜப்பானியரால் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வரைபடத்தில் எந்த ஊரும் இடம்பெயரவில்லை. ஆயினும் லண்டன் திடீரென எட்டாத் தொலைவுக்குச் சென்றுவிட்டது.

அறுந்த கண்ணியை இணைக்க, 1943-இன் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலினா விமானங்களைக் கொண்டு இந்தியப் பெருங்கடலை ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர் தொலைவுக்கு நேராகக் கடக்க முற்பட்டது. பெர்த்தில் ஸ்வான் ஆறும் மறுமுனையில் கொக்கல ஏரியும் ஓடுதளங்களாயின. எரிபொருளைச் சுமப்பதற்காக மற்ற எல்லாமே குறைக்கப்பட்டன. பயணிகள் மூவருக்கு மேல் இல்லை. தபால் 69 கிலோ மட்டுமே. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த அவ்விமானங்களுக்கு வழக்கமாக 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது. வழியில் இறங்க இடமேயில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்க'த்தின் உறுப்பினர் என்று சான்றிதழ் வழங்கினார்கள்.

எதிரி கேட்டுவிடக் கூடும் என்பதால் வானொலி மௌனம் காக்கப்பட்டது. இரவில் விண்மீன்களே வழிகாட்டின. விமானங்களின் பெயர்களும் விண்மீன்களுடையவையே: ஆல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைகா. இவற்றுள் ஆல்டேர் நம்முடைய திருவோணம், வேகா அபிஜித், அண்டாரிஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. பஞ்சாங்கத்தில் நாம் நாள் பார்க்கும் நட்சத்திரங்களை நோக்கித்தான் அந்த மாலுமிகள் இருண்ட கடலின்மேல் தம் இருப்பிடத்தைக் கணித்தார்கள் என்று எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

1945 ஜூலை வரை 271 முறை கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. ஆனால் அவை அமெரிக்கக் கடன்-குத்தகை உடன்படிக்கையின்கீழ் வந்தவை. போர் முடிந்ததும் அவ்வுடன்படிக்கையின் நிபந்தனைப்படி ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் அவற்றைக் கடலில் மூழ்கடித்தார்கள். எதிரியால் வீழ்த்த முடியாதவற்றைக் கணக்குப் புத்தகம் வீழ்த்தியது.

2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லா விமானப் போக்குவரத்து தொடங்கியது. 14,498 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். அன்று கொக்கலவை அடைவதற்கே அதைவிடப் பத்து மணி நேரமாவது கூடுதலாகத் தேவைப்பட்டது. இந்த வேகத்தைப் பொறியியலின் வெற்றியாக மட்டும் காண்பது பாதி உண்மை. கீழே உள்ள நாடுகள் தம் வானத்தைத் திறந்து வைத்திருக்கும் வரையில்தான் அந்தப் பதினேழு மணி நேரம் பதினேழாகவே இருக்கும்.