மாட்டைத் தொலைத்த கௌபாய்

1970இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்தின் பெயர் ‘மாட்டுக்கார வேலன்’. இரண்டு ஆண்டு கழித்து, 1972இல், கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த ‘கங்கா’வைத் தமிழ்நாடு ‘கௌபாய் படம்’ என்றது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கௌ என்பது மாடு, பாய் என்பது பையன். அந்தக் கணக்கில் வேலனும் கௌபாய்தான். ஆனால் அவனை யாரும் அப்படி அழைத்ததில்லை. அவனிடம் மாடு இருந்தது, அதுதான் குறை!

தமிழில் கௌபாய் என்றால் அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி கிளப்பும் குதிரை, யாருமற்ற தனிமை. மாடு கட்டாயமில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பிறந்தபோது துப்பாக்கி கிடையாது. 1725இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுதியபோது அதற்கு மாடு மேய்க்கும் சிறுவன் என்று மட்டுமே பொருள். அமெரிக்க விடுதலைப் போரின் நாட்களில் நியூயார்க் பக்கம் பிரிட்டிஷ் ஆதரவாளர்களான மாட்டுத் திருடர்களை அந்தச் சொல்லால் ஏசினார்கள். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, டெக்சாஸிலிருந்து வடக்கே ரயிலடிவரை ஆயிரக்கணக்கில் மாடு பத்திச் சென்ற கூலிக்காரர்களின் பெயராகி அது நிலைத்தது. அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் வகேரோக்கள். ஸ்பானிய மொழியில் வாகா என்றால் பசு. வகேரோ என்றால் மாட்டுக்காரர். நம்மூர் வழக்குக்கு இதைவிட நெருக்கமான பெயர் அமையாது.

மாட்டைத் தொலைத்த இந்தக் கௌபாய்க்குத் தமிழில் நிரந்தர முகவரி ஒன்று உண்டென்றால் அது சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வளர்ந்த அச்சுத் தொழில், காலண்டர், டைரி என்று பெருகிய ஊர். அங்கே 1972இல் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் நாயகன் இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புக்கை மாயாவி. 1984இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்க, குதிரைகள் மெல்ல ஊருக்குள் நுழைந்தன. டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். லக்கி லூக்கை 1946இல் உருவாக்கிய மோரிஸ் பெல்ஜியக்காரர். கேப்டன் டைகர் பிரெஞ்சுப் பத்திரிகையில் 1963இல் ‘புளூபெர்ரி’ என்ற பெயரோடு கிளம்பியவர். அமெரிக்காவின் மேற்கை ஐரோப்பியர்கள் வரைந்தார்கள். அதற்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது சிவகாசி.

அந்தத் தமிழில் ஒரு வேடிக்கை. கௌபாய் ஊருக்குள் வந்ததும் நேரே போகிற இடம் சலூன். நம் தெருவில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. சலூனுக்குள் போய் விஸ்கி கேட்கிறவனைக் கண்டு குழம்பாத தமிழ்ப் பையன் அந்தக் காலத்தில் இருந்திருப்பானா என்பது சந்தேகம். நாலு புத்தகம் படித்தால் பழகிவிடும்.

இந்தக் காமிக்ஸ் வீரர்கள் பலரும் உள்ளுக்குள் உடைந்தவர்கள். நவஹோ பழங்குடித் தலைவரின் மகள் லிலித்தை மணந்த டெக்ஸ், அவளை அம்மைநோய்க்குப் பறிகொடுத்தவர். ‘இரவுக் கழுகு’ என்ற பட்டத்தோடு அந்த மக்களுக்குத் தலைவரானவரின் முதுகில் அந்த இழப்பும் ஏறிக்கொண்டது. ‘கமான்சே’ தொடரில் வரும் ரெட் டஸ்ட் இன்னும் பாவம். திரிந்து அலைந்தவன் ‘666’ என்ற மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறான். பண்ணையின் உரிமையாளர் கமான்சே என்ற இளம்பெண். அவள்மீது அவனுக்குள்ள அன்பு வாயைத் திறந்து வெளியே வருவதே இல்லை.

மாட்டுப் பண்ணை என்கிறோம். ராஞ்ச் என்ற சொல்லுக்குத் தமிழில் பண்ணை பொருந்துகிறதா? ஸ்பானிய ‘ராஞ்சோ’ முதலில் கூடி உண்ணும் கூட்டத்தைக் குறித்து, பிறகு குடிசையாகி, மாட்டு நிலமானது. நம் பண்ணையோ உழவு வாசனை கொண்டது. பண்ணையார், பண்ணையாள் என்று ஏறி இறங்கும் சொல். வெம்பக்கோட்டைப் பக்கத்தில், பட்டாசு ஆலைகளுக்கு நடுவே ஏழாயிரம்பண்ணை இருக்கிறது. அது பாளையமாக இருந்த ஊர்.

மாடு அடைக்கும் இடத்துக்குத் தமிழின் சொந்தச் சொல் பட்டி. மாட்டுத் தொழுவம், ஆட்டுக் கொட்டில், அதைச் சுற்றி எழுந்த சிற்றூர் என்று அதன் பொருள் விரிந்தது. பகரம் ஹகரமாகும் கன்னட வழியில் பால் ‘ஹாலு’ ஆனதுபோல் பட்டி ‘ஹட்டி’யாகி, நீலகிரிப் படுகர் ஊர்களின் பெயராக இன்றும் வழங்குகிறது. ஈழத்தில் மாட்டுப் பொங்கலே பட்டிப் பொங்கல்தான். விருதுநகர் மாவட்டத்தின் பேருந்துப் பலகைகளைப் படித்தால் தாயில்பட்டி, முதலிப்பட்டி, மீனம்பட்டி, செவல்பட்டி என்று நீளும். மாடுகள் போய்விட்டன; வெடிமருந்து வந்துவிட்டது; வேலி பெயரில் நிற்கிறது.

மாவட்டத் தலைநகரும் ஒரு பட்டிதான். காமராஜர் 1903இல் பிறந்தது விருதுப்பட்டியில். யாரோ ஒரு வீரனின் விருதுக் கொடிகளை வெட்டிச் சாய்த்ததால் ‘விருதுவெட்டி’ என்றிருந்து, அது பட்டியாகத் திரிந்ததாக ஊர்க்கதை உண்டு. சுற்றிலும் பட்டிகளாக இருக்கும்போது இந்த ஊரின் பட்டிக்கு மட்டும் வாள் எதற்கு என்று தோன்றுகிறது. வணிகத்தில் கொழித்த ஊருக்கு 1923இல் பட்டி சிறிதாகப்பட்டது, நகர் ஆனது. அதனால்தான் ராஞ்சுக்குப் பட்டி ஒத்துவருவதில்லை. ‘666 பட்டி’ என்றால் மினிபஸ் நின்று போகும் ஊர் போல ஒலிக்கும்.

ஆனால் பட்டிக்குள் இன்னொரு பொருள் பதுங்கியிருக்கிறது: காவலுக்கு அடங்காமல் திரியும் மாடு. அதிலிருந்து, அப்படித் திரியும் ஆளும் பட்டி. அடைக்கும் வேலியும் வேலி தாண்டுவதும் ஒரே எழுத்துகளில்! கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்து, பூமாலையை அறுத்து ஓடியவன், வளர்ந்த பின் தண்ணீர் கேட்டு வந்து தலைவியின் கையைப் பிடிக்கிறான். அவனுக்கு அவள் வைத்த பெயர் ‘சிறுபட்டி’. கௌபாய்க்குத் தமிழில் நேர்ச்சொல் தேடுகிறவர்கள் கபிலரிடமே கேட்டிருக்கலாம். (பட்டிமண்டபத்தில் இருப்பது இதே பட்டிதானா என்பதற்குத் தனியாக ஒரு பட்டிமன்றம் வைக்க வேண்டும்.)

பட்டி நிலையாக நிற்பது, கிடை நடப்பது. அறுவடை முடிந்த கரிசல் காட்டில் இரவெல்லாம் மந்தையைக் கிடக்க வைத்தால் சாணமும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். ‘கிட’ என்ற வினையிலிருந்து வந்த கிடையை ‘போடுகிறார்கள்’, ‘மறிக்கிறார்கள்’. அதன் தலைவர் கீதாரி. காடு மாறினால் ராஞ்சும் மாறும். சிவகாசிக்குத் தெற்கே கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதினார். ஆட்டுக்கிடையில் முளைத்த காதல் சாதியில் முட்டி உடைகிற கதை. அம்ஷன் குமார் அதை 2003இல் ‘ஒருத்தி’ என்று படமாக்கினார். காதல் உடைந்து தனியே நிற்பது அங்கே கௌபாய் இல்லை, ஆடு மேய்க்கும் பெண்.

அமெரிக்கத் திறந்தவெளி மேய்ச்சலை ஒடுக்கியதில் முள்கம்பிக்குப் பெரும் பங்கு உண்டு. கிளிடன் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1874இல். இங்கே கம்பிக்குப் பதில் எல்லைக்கோடு. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அடிவாரங்களில் மலைமாடு வளர்ப்பவர்கள் மந்தையைக் காட்டுக்குள் பத்துவது பழைய வழக்கம். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் அளவுக்குச் சுருக்கியது. ஈழத்தில் மட்டக்களப்பு மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

சிவகாசிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஒரு முனையில் லக்கி லூக் மறையும் சூரியனை நோக்கிக் குதிரையில் போகிற கடைசிப் பக்கம் அச்சாகிறது. தீபாவளி நெருங்கினால் பொம்மைத் துப்பாக்கிக்கு ரோல் கேப்பும் அங்கிருந்தே கிளம்பும். மறுமுனையில், கையில் கம்போடு மந்தைக்குப் பின்னால் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஊரார் மாட்டுக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள்.