மூன்று தடைகளும் ஓர் ஓய்வு வயதும்

குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது, காதலிக்கக் கூடாது. ஜப்பானின் 'ஜென்ஜோ'வில் சேர்ந்த பெண்களுக்கு விதிக்கப்பட்ட மூன்று தடைகள் இவை. எழுதிவைக்காத நான்காவது விதியும் ஒன்று இருந்தது. 25 வயது நெருங்கினால் கோதாவை விட்டு இறங்கிவிட வேண்டும்.

அகில ஜப்பான் மகளிர் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தை ஜப்பானியர்கள் சுருக்கமாக ஜென்ஜோ என்றார்கள். 1968இல் மாட்சுநாகா சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் அது. ஃபுஜி தொலைக்காட்சியின் கேமராக்கள் அதை நாடெங்கும் வீடுகளுக்குள் கொண்டுபோயின. உலகில் வேறெங்கும் பெண்கள் மல்யுத்தம் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. அந்த உயரத்துக்கு விலை கொடுத்தவர்கள் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுமிகள்.

ஜப்பானில் பெண்கள் குஸ்தி 1940களின் இறுதியில் முளைத்தது. போரில் தோற்ற நாடு. அமெரிக்கப் படைவீரர்கள் நிறைந்திருந்த காலம். இகாரி என்ற குடும்பத்தின் அண்ணன்களும் தங்கையும் அந்த வீரர்களின் முன்னால் கேளிக்கைக் காட்சியாக இதை நடத்தினார்கள். 1954 நவம்பரில் அமெரிக்காவின் பெரிய வீராங்கனை மில்ட்ரெட் பர்க் தன் குழுவோடு வந்து இறங்கியபோது ஒரு மோகமே கிளம்பியது. சின்னச் சின்ன நிறுவனங்கள் பல தோன்றின. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த மோகம் வடிந்து, பெண்கள் குஸ்தி மதுக்கூட மேடைகளில், ஆண்களின் கண்ணுக்குத் தீனியாக ஒதுங்கிப்போனது.

அங்கிருந்துதான் மாட்சுநாகா சகோதரர்கள் அதைத் தூக்கி எடுத்தார்கள். ஜூடோக்காரருக்கும் குத்துச்சண்டைக்காரருக்கும் மோதல் நடத்திக் காசு பார்த்த குடும்பம் அது. ஊர் ஊராகக் கொட்டகை போடும் வித்தை தெரிந்தவர்கள். சகோதரர்களில் ஒருவரான தகாஷி மாட்சுநாகா, முதலாளியான பிறகும் அரங்க வாசலில் நின்று நூடுல்ஸ் வறுத்து விற்றுக்கொண்டிருப்பார். 1970இல் பர்க் வழிவந்த உலகப் பட்டம் அவர்கள் கைக்கு வந்தது. ரசிகர்கள் அதைச் சிவப்புப் பட்டை என்றே அழைத்தார்கள்.

திருப்பம் 1970களின் நடுவில் வந்தது. மாக் ஃபுமியாகே என்ற பெண், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியிலிருந்து குஸ்திக்கு வந்தவர், 1975இல் பதினாறு வயதில் சிவப்புப் பட்டையை வென்றார். பாடவும் செய்தார். அடுத்த ஆண்டு ஜாக்கி சாட்டோவும் மாக்கி உயேதாவும் 'பியூட்டி பேர்' என்ற பெயரில் இணைந்தார்கள். அவர்கள் வெளியிட்ட பாட்டுத் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. குஸ்திக்கு முன்னால் கோதாவிலேயே மைக் பிடித்து அவர்கள் பாட, நாலாபுறமிருந்தும் வண்ணக் காகித நாடாக்கள் பறந்து வந்து விழும்.

வீசியவர்கள் யார்? பள்ளிச் சீருடை போட்ட பெண் பிள்ளைகள். ஜென்ஜோவின் வரலாற்றில் எந்தப் பட்டத்தையும் எந்தக் குஸ்தியையும் விட முக்கியமான நிகழ்வு இதுதான். ஆண்கள் வேடிக்கை பார்த்த ஒன்றை மாணவிகள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். பெண்களே ஆண் வேடமும் ஏற்கும் தகராசுகா இசைநாடகத்தில் மயங்கிக்கிடந்த நாடு அது. உயரமாக, குட்டை முடியோடு நின்ற ஜாக்கி சாட்டோவிடம் அந்தப் பிள்ளைகள் அதே கம்பீரத்தைக் கண்டார்கள். கூடுதலாக, ஜாக்கி உண்மையிலேயே அடி வாங்கினார், உண்மையிலேயே எழுந்து நின்றார்.

1979 பிப்ரவரி 27. டோக்கியோவின் புடோகான் அரங்கில் ஜாக்கியும் மாக்கியும் ஒருவரையொருவர் எதிர்த்து மோதினார்கள். தோற்பவர் ஓய்வு பெற வேண்டும் என்பது நிபந்தனை. தோற்ற மாக்கி உயேதாவுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. வென்ற ஜாக்கியும் 1981இல், 23 வயதில் விலகிவிட்டார்.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் என்பது ஊரறிந்தது. ஜென்ஜோவில் மட்டும் ஒரு விசித்திரம் இருந்தது. எதிராளியின் முதுகைத் தரையோடு அழுத்தி மூன்று எண்ணும்வரை பிடிக்கும் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பல குஸ்திகளில் நிஜப் போட்டியாகவே விட்டுவிடுவார்கள் என்று முன்னாள் வீராங்கனைகள் சொல்லியிருக்கிறார்கள். தப்பிக்க வலுவிருந்தால் தப்பிக்கலாம். யார் மேலே போவது, யார் முதல் குஸ்தியிலேயே தேங்கிக்கிடப்பது என்பதை அந்த அழுத்தலே தீர்மானித்தது. ஒரே விடுதியில் தூங்கி, ஒரே பேருந்தில் ஊர் சுற்றும் பெண்களுக்குள் பகை மூள அது போதும். பகை மூண்டால் கூட்டம் சேரும் என்பது முதலாளிகளின் கணக்கு.

அந்தக் கணக்கின் உச்சம் 1980களில் வந்தது. நாகசாகி பக்கத்து ஓமுராவில் பிறந்து, சின்ன வயதிலேயே கராத்தே கற்ற சிகுசா நாகாயோ 1980இல் பதினைந்து வயதில் களமிறங்கினார். அதே ஆண்டு வந்தவர்கள் லயனஸ் ஆசுகாவும் டம்ப் மாட்சுமோட்டோவும். சிகுசாவும் லயனஸும் 1983இல் 'கிரஷ் கேல்ஸ்' என்ற இணை ஆனார்கள். டம்ப் தலைமுடிக்கு வண்ணம் பூசி, முகத்தில் கோரச் சாயம் தீட்டி, சங்கிலியும் மூங்கில் வாளும் ஏந்தி 'கொடியவர் கூட்டணி' அமைத்தார். அவர் பக்கம் சாயும் நடுவர் ஒருவரும் இருந்தார், அபே ஷிரோ. நாயகிகளுக்கு விழும் எண்ணிக்கை வேகமாகவும் வில்லிகளுக்கு விழுவது ஆமை வேகத்திலும் நகரும், அரங்கமே கொதிக்கும்.

1985 ஆகஸ்ட் 28, ஒசாகா கோட்டை அரங்கம். சிகுசாவுக்கும் டம்புக்கும் குஸ்தி, தோற்பவருக்கு மொட்டை. ரத்தம் வழியச் சிகுசா தோற்றார். கோதாவின் நடுவே அவரை உட்காரவைத்துத் தலையை மழித்தார்கள். அரங்கை நிறைத்திருந்த மாணவிகள் கதறினார்கள். இன்றும் கிடைக்கும் அந்தப் பதிவில் வர்ணனையாளரின் குரலை அந்த அழுகை மூழ்கடிக்கிறது. நடிப்பு, நிஜம் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மழித்த தலை நிஜம், அழுகை நிஜம். அடுத்த ஆண்டு அதே அரங்கில் சிகுசா வென்று டம்பின் தலையை மழித்தார்.

டம்ப் கொடுத்த விலையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. வறிய குடும்பத்துப் பெண் அவர். தாய்க்கு ஒரு வீடு வாங்கித் தர வேண்டும் என்பது கனவு. தொலைக்காட்சி பார்த்த நாடே அவரை வெறுத்தது. பெற்றோரின் வீடுகூடத் தொல்லைக்குத் தப்பவில்லை. அத்தனை வெறுப்பையும் கலையாகத் தாங்கிய ஒருவரை வெறும் வில்லி என்று கடந்துபோவது அநியாயம். சிகுசாவின் கண்ணீருக்குக் கனம் தந்தவர் அவர்தான்.

அதே 1985 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாசில், ரிவியரா ஹோட்டலில், 'க்ளோ' என்ற பெண்கள் மல்யுத்தத் தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டம் படமானது. டேவிட் மெக்லேன் என்பவரின் யோசனை அது. நடிகைகளையும் நடனக்காரிகளையும் மாடல்களையும் எடுத்து, மாண்டோ குவரேரோ என்ற மல்யுத்த வீரரிடம் பயிற்சி கொடுத்து, நகைச்சுவைத் துணுக்குகளுக்கு இடையே மோதவிட்டார்கள். அந்தப் பெண்களின் துணிச்சலில் குறையில்லை. ஆனால் ஜென்ஜோவின் சிறுமிகள் பழகிய குஸ்தி வேறு ரகம். 1987இல் ஜென்ஜோவின் இட்சுகி யமாசாகியும் நோரியோ டடெனோவும் அமெரிக்காவின் பெரிய நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். மேடையில் இறங்கியபோது, அவர்களுடைய வேகத்தைக் கண்டு அமெரிக்க ரசிகர்கள் எழுந்து நின்றார்கள். 1988 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் இரட்டையர் பட்டத்தையும் இருவரும் வென்றார்கள்.

அந்த வேகத்தின் மறுபக்கம் 1987 ஏப்ரலில் தெரிந்தது. ஹிசாகோ ஊனோ, பின்னாளில் அகிரா ஹொகுட்டோ என்று பெயர் மாற்றிக்கொண்டவர், அப்போது 19 வயது. மூன்று சுற்று இரட்டையர் குஸ்தியின் முதல் சுற்றில் தலைகீழாக விழுந்து கழுத்து எலும்பு முறிந்தது. இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்தபடியே மிச்சக் குஸ்தியையும் முடித்தார். மல்யுத்த ரசிகர்கள் இதை வீரக் கதையாகவே சொல்கிறார்கள். வீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு சிறுமி கழுத்து முறிந்து நிற்கையில் மணியடித்து நிறுத்த அந்த அரங்கில் ஒரு பெரியவர்கூட முன்வரவில்லை. கதையின் அந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

25 வயது விதியும் இந்த மனப்போக்கின் பிள்ளைதான். கல்யாணம் ஆனால் பெண் வேலையை விட வேண்டும் என்று ஜப்பானிய அலுவலகங்கள் எதிர்பார்த்த காலம் அது. வேலைவாய்ப்பில் ஆண் பெண் சமத்துவத்துக்கான சட்டமே 1985இல்தான் நிறைவேறியது. ஜென்ஜோவுக்கு இதில் லாபமும் இருந்தது: மூத்தவர் போனால் சம்பளச் சுமை குறையும், இடத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கில் சிறுமிகள் விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள். 1988 பிப்ரவரியில் டம்ப், 1989 மே மாதம் 24 வயதில் சிகுசா, ஆகஸ்டில் லயனஸ் என்று ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். அவர்களோடு மாணவிகளின் கூட்டமும் கலைந்தது.

அடுத்து வந்தவர்கள் கலையை இன்னும் உயர்த்தினார்கள். 1990 நவம்பரில் யோகோஹாமாவில் நடந்த கம்பிக்கூண்டுக் குஸ்தியில் புல் நகானோ கூண்டின் உச்சியிலிருந்து அஜா காங் மீது பாய்ந்தார். அமெரிக்கக் கறுப்பினப் படைவீரருக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர் அஜா. அவர் 1992இல் சிவப்புப் பட்டையைக் கைப்பற்றினார். பார்வையாளர்களில் ஆண்களே அதிகமாகியிருந்தார்கள். 1994 நவம்பர் 20 அன்று டோக்கியோ டோமில் பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய பெருவிழா நள்ளிரவுவரை நீண்டது.

சரிவு அதற்குப் பின் வேகமாக வந்தது. 1997இல் நிறுவனம் கடனில் மூழ்கியது. முன்னணி வீராங்கனைகள் பலர் வெளியேறிப் புதிய நிறுவனங்கள் தொடங்கினார்கள். 2005 ஏப்ரலில் ஜென்ஜோ கடைசிக் குஸ்தியை நடத்தி மூடியது. ஓய்விலிருந்து திரும்பிவந்து சிகுசா தொடங்கிய 'கையா ஜப்பான்' நிறுவனமும் அதே மாதம் விடைபெற்றது தற்செயல்.

25 வயது விதி மட்டும் முன்பே செத்திருந்தது. சிகுசா மீண்டும் கோதா ஏறினார், லயனஸும் ஏறினார், டம்ப் அறுபதைத் தாண்டியும் சங்கிலியோடு வந்து நின்றார். 2024 செப்டம்பரில் டம்பின் வாழ்க்கையைச் சொல்லும் 'தி குவீன் ஆஃப் வில்லன்ஸ்' தொடர் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. அதில் டம்பாக நடித்த யூரியன் ரெட்ரீவருக்கும், சிகுசாவாக நடித்த எரிகா கராட்டாவுக்கும் குஸ்தி சொல்லிக்கொடுத்து மேற்பார்வை பார்த்தவர் சிகுசா நாகாயோவேதான்.